டிஷ்வாஷரில் தண்ணீர் நின்றால், திரும்பி வந்தால், ஒழுகினால்: எங்கே தொடங்குவது?

டிஷ்வாஷருக்குள் தண்ணீர் நின்றால் எல்லோருக்கும் முதலில் பம்ப் மேல்தான் சந்தேகம் வருகிறது. புது பம்ப் போட்ட பிறகும் அதே இடத்தில் அதே தண்ணீர் நிற்கும் வீடுகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தத் தொல்லையின் பெரும்பகுதி மெஷினுக்கு வெளியே இருக்கிறது. சிங்க் அடியில் இருக்கும் பாட்டில் டிராப் (கழிவுநீர் இறங்கும் பாட்டில் வடிவக் கிண்ணம்), மெஷினின் கழிவுநீர் ஹோஸ் போகும் வழி, அடுக்குமாடியின் பொது வேஸ்ட் லைன் ஆகிய மூன்றையும் பார்க்காமல் மெஷினைக் கழற்ற வேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் இரண்டு விஷயங்களைக் கவனித்து வையுங்கள். தண்ணீர் எப்போது வருகிறது: மெஷின் நிரம்பும்போதா, கழுவும்போதா, வெளியேற்றும்போதா, சும்மா இருக்கும்போதா? எப்படிப்பட்ட தண்ணீர்: தெளிந்ததா, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிறதா, நுரையா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கை வைப்பதற்கு முன்

ஸ்விட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்குங்கள். பிளக் இருக்கும் இடமே ஈரமாக இருந்தால் அதைத் தொடாமல் மின்பலகையில் உள்ள எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். தண்ணீர் வரும் குழாயை மூடுங்கள். இப்போதுதான் ஓடி நின்ற மெஷின் என்றால் உள்ளே தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும், ஆறவிடுங்கள். ஒரு வாளி, பழைய துணி, ஸ்பாஞ்ச், டார்ச், ரப்பர் கையுறை, ஸ்க்ரூடிரைவர் போதும்.

திரையில் ஏதாவது எழுத்தோ எண்ணோ வந்திருந்தால் அணைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போஷ், சீமென்ஸ் மெஷின்களில் இ24 என்றால் கழிவுநீர் போகவில்லை. இ25 என்றால் பம்பில் அடைப்பு, அல்லது பம்ப் மூடி சரியாக உட்காரவில்லை. இ15 என்றால் அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்துவிட்டது. எல்ஜியில் ஓஇ என்பது வெளியேற்றக் கோளாறு, ஏஇ என்பது கசிவு. இந்தக் குறியீடு நோயின் பெயர் அல்ல. எங்கே வலிக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும்.

## அறிகுறி: கழுவி முடிந்த பின்னும் அடியில் தண்ணீர் நிற்கிறது

ஃபில்டருக்குக் கீழே உள்ள குழியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் இருக்கும். சீல்கள் காயாமல் இருக்க அது வேண்டும். ஃபில்டர் தட்டுக்கு மேலே ஏறி நின்றால்தான் கோளாறு.

முதலில் ஃபில்டர். கீழ் ரேக்கை வெளியே எடுத்துவிட்டு, நடுவில் உள்ள உருளை ஃபில்டரை இடது பக்கமாகத் திருகித் தூக்குங்கள். அதன் அடியில் உள்ள தட்டையான சல்லடையையும் எடுங்கள். நம் சமையலுக்கு இதில் என்னவெல்லாம் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை: கடுகு, கறிவேப்பிலை, புளிச் சக்கை, தேங்காய்த் துருவல், பாட்டிலில் இருந்து உரிந்த லேபிள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்பும் போதும், கம்பி நாரால் தேய்க்காதீர்கள். திரும்ப வைக்கும்போது "கிளிக்" என்று பூட்ட வேண்டும். பூட்டாத ஃபில்டர் அழுக்கை நேராகப் பம்புக்கு அனுப்பும். அங்கே அடைத்தால் வேலை இன்னும் பெரிது.

அடுத்து வாளிச் சோதனை. எல்லாவற்றிலும் பயனுள்ள சோதனை இதுதான். செலவும் இல்லை. சிங்க் டிராப்பில் மாட்டியிருக்கும் டிரெயின் ஹோஸைக் கழற்றுங்கள் (ஹோஸில் மிச்சமிருக்கும் தண்ணீர் கொட்டும், துணி வையுங்கள்). ஹோஸின் முனையை வாளிக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு, மெஷினுக்கு மின்சாரம் கொடுத்து புரோகிராமை ரத்து செய்யுங்கள். பல மெஷின்களில் ஸ்டார்ட் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் ரத்தாகி, பம்ப் ஒரு நிமிடம் போல ஓடும்.

- தண்ணீர் வேகமாக வாளியில் பாய்ந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. கோளாறு டிராப்பிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது.
- தரையில் உள்ள வாளிக்கு நன்றாக வருகிறது, முனையைச் சிங்க் உயரத்துக்குத் தூக்கினால் சொட்டுகிறது என்றால் பம்ப் தளர்ந்திருக்கலாம், அல்லது ஹோஸுக்குள் பாதி அடைப்பு இருக்கலாம்.
- பம்ப் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் பம்புக்குள் சுற்றும் இறக்கையில் ஏதோ சிக்கியிருக்கிறது.
- சத்தமே இல்லை என்றால் பம்போ அதற்குப் போகும் மின்சாரமோ போயிருக்கிறது. இது மெக்கானிக் வேலை.

வாளியில் நன்றாக வந்தால் டிராப்பைக் கழற்றிக் கழுவுங்கள். புதிதாகப் பொருத்திய மெஷினாக இருந்தால் ஹோஸ் மாட்டும் நிப்பிளின் உள்ளே எட்டிப் பாருங்கள். புது டிராப்பில் அந்த வாய் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வால் மூடியிருக்கும். அதை வெட்டி எடுத்த பிறகே ஹோஸை மாட்ட வேண்டும். வெட்டாமலேயே மாட்டிவிட்டுப் போவதும், பாதி வெட்டி ஊசித் துளை மட்டும் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. முதல் நாளிலிருந்தே தண்ணீர் நிற்கும் மெஷினுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஹோஸ் மடிப்பு. மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளும்போது ஹோஸ் பின்னால் நசுங்கும். சுத்தம் செய்ய இழுத்துவிட்டுத் திரும்பத் தள்ளிய மறுநாளே தொல்லை தொடங்கியிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

பம்ப் இறக்கை. குழியில் உள்ள தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். போஷ் வகையில் ஒரு வெள்ளை மூடி இருக்கும், ஒரு ஸ்பூனை உள்ளே விட்டு நெம்பினால் வரும். உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கும் இடம் இது, வெறும் விரலை விடாதீர்கள். எலுமிச்சை விதை, பல்குத்தும் குச்சி, எலும்புத் துண்டு எல்லாம் இங்கே கிடைக்கும். இறக்கையைக் குச்சியால் மெல்லத் திருப்பினால் தடுக்கித் தடுக்கிச் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். சுற்றவே மறுத்தாலும், எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிச் சுற்றினாலும் பம்ப் மாற்ற ஆளைக் கூப்பிடலாம்.

## அறிகுறி: மெஷினை ஓட்டவே இல்லை, ஆனால் உள்ளே தண்ணீர் வருகிறது

காலையில் திறந்தால் அடியில் தண்ணீர். இங்கே நிறம்தான் வழிகாட்டி.

### தண்ணீர் தெளிவாக இருந்தால்

இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மெஷினுக்குத் தண்ணீர் விடும் உள்வால்வு முழுதாக மூடாமல் கசிவது. குழியைக் காயவைத்து, தண்ணீர்க் குழாயை இரவு முழுவதும் மூடிவையுங்கள். காலையில் உலர்ந்திருந்தால் வால்வுதான், அதை மெக்கானிக் மாற்றிவிடுவார். அதுவரை ஒவ்வொரு முறை கழுவி முடிந்ததும் குழாயை மூடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் அந்தச் சொட்டு இரவெல்லாம் உள்ளே சேரும்.

மற்றொன்றை யாரும் யோசிப்பதில்லை: ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பான். அதன் கழிவு நீர் டியூபையும் டிஷ்வாஷர் ஹோஸையும் ஒரே டிராப்பில், சில வீடுகளில் ஒரே "T" வடிவ இணைப்பில், மாட்டியிருப்பார்கள். டிராப் கொஞ்சம் அடைத்தாலும் ஆர்.ஓ. விடும் தண்ணீர் ஹோஸ் வழியாக மெஷினுக்குள் இறங்கும். ஆர்.ஓ. டியூபைக் கழற்றி ஒரு நாள் வாளியில் விட்டுப் பாருங்கள். மெஷின் உலர்ந்திருந்தால் இரண்டையும் பிரிக்கச் சொல்லுங்கள்.

### கலங்கலாக, சிங்க் வாசனையோடு இருந்தால்

இது திரும்பி வரும் கழிவுநீர். உறுதிசெய்ய ஒரு பீட்ரூட்டை வேகவைத்த தண்ணீர் போதும். குழியை ஒற்றி எடுங்கள், சிங்க்கை அடைத்துப் பாதிவரை தண்ணீர் பிடித்து பீட்ரூட் தண்ணீரைக் கலந்து, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து மெஷின் குழியில் சிவப்பு தெரிந்தால் சிங்க்கிலிருந்துதான் வருகிறது. மஞ்சள்தூள் வேண்டாம், பிளாஸ்டிக்கில் கறை போகாது.

ஹோஸ் வளைவு. மெஷினிலிருந்து வரும் ஹோஸ் நேராக டிராப்புக்குப் போகக் கூடாது. சிங்க் அடியில் எவ்வளவு உயரம் போக முடியுமோ அவ்வளவு உயரம் ஏறி, அங்கே ஒரு கிளிப்பில் பிடித்து, பிறகு இறங்கி டிராப்பில் சேர வேண்டும். பெரும்பாலான மெஷின்களுக்கு இந்த உச்சி தரையிலிருந்து ஒரு மீட்டரை ஒட்டி இருக்கலாம். சரியான அளவு உங்கள் மெஷினின் கையேட்டில் இருக்கும். உச்சி தாழ்ந்துவிட்டால் சிங்க் நிரம்பும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் மெஷினுக்குள் இறங்கும். பாத்திரப் பொடி டப்பாவை உள்ளே தள்ளும்போது கிளிப் கழன்று ஹோஸ் தொங்கிவிடுவது சகஜம். கேபிள் டை போடுங்கள், ஹோஸ் நசுங்கும் அளவுக்கு இறுக்காமல்.

டிராப் அடைப்பு. வளைவு சரியாக இருந்தும் வந்தால் டிராப்பைக் கழற்றுங்கள். நெய்யும் எண்ணெயும் மெழுகு மாதிரி உறைந்திருக்கும், கையால் வழித்தெடுங்கள். வெந்நீரை மட்டும் ஊற்றினால் கொழுப்பு உருகி அடுத்த வளைவில் போய் உறையும். ஆசிட், காஸ்டிக் சோடா போன்ற அடைப்பு நீக்கிகளை டிஷ்வாஷர் மாட்டிய டிராப்பில் ஊற்றவே வேண்டாம். அடைப்பு கரையாவிட்டால் அந்த ரசாயனம் திரும்பி வரும் இடம் நீங்கள் சாப்பிடும் தட்டு இருக்கும் இடம். ரப்பர் சீல்களுக்கும் அது எமன்.

பொது லைன். அடுக்குமாடியில் கீழ்த்தளத்திலோ முதல் தளத்திலோ இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் குழாயைத் திறக்காதபோதே சிங்க்கில் தண்ணீர் எழும்புகிறதா, காலையில் மாடியில் எல்லோரும் சமைக்கும் நேரத்தில் மட்டும் வருகிறதா? அப்படியென்றால் எல்லா வீட்டுச் சமையலறைக் கழிவும் இறங்கும் குழாய் கீழே அடைத்திருக்கிறது. மெஷினுக்குள் வருவது அடுத்த வீட்டு எச்சில் தண்ணீர். உங்கள் வீட்டில் எதைக் கழற்றியும் பயனில்லை. அசோசியேஷனிடம் சொல்லி லைனைச் சுத்தம் செய்ய வைக்க வேண்டும். அதுவரை ஹோஸைக் கழற்றி, நிப்பிள் வாயை மூடிவிட்டு, மெஷினை ஓட்டாமல் வையுங்கள். இதில் பொறுமை காட்ட வேண்டாம், இது சுகாதாரப் பிரச்சினை. லைன் சரியான பிறகு ஃபில்டரைக் கழுவி, பாத்திரம் இல்லாமல் அதிகபட்சச் சூட்டில் ஒருமுறை ஓட்டிவிட்டு, உள்ளே இருந்த பாத்திரங்களை மறுபடி கழுவுங்கள்.

திரும்பாத வால்வு. பம்புக்குப் பக்கத்திலோ ஹோஸ் தொடங்கும் இடத்திலோ ஒரு சிறிய ரப்பர் மடல் இருக்கும். போன தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுப்பது அதுதான். அதில் ஒரு மிளகாய் விதை சிக்கினாலும் மடல் மூடாது. இதன் அடையாளம்: வெளியேற்றி முடித்த உடனே, சிங்க் உபயோகிக்காமலேயே, ஹோஸில் இருந்த தண்ணீர் மட்டும் குழிக்குத் திரும்பி வரும். பீட்ரூட் சோதனையில் சிவப்பு வராது. பல மாடல்களில் இதை எட்ட மெஷினைச் சாய்க்க வேண்டியிருக்கும், சர்வீஸ்காரரிடம் விடுங்கள். வெளியே ஹோஸில் தனி வால்வு ஒன்றைச் சேர்த்துவிடலாம் என்று பிளம்பர் சொல்வார். சேர்க்கலாம், ஆனால் அதிலும் கொழுப்பு படியும், அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும். வளைவைச் சரிசெய்யாமல் வால்வை மட்டும் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

## அறிகுறி: மெஷின் வெளியேற்றும்போது சிங்க்கில் தண்ணீர் எழும்புகிறது

மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. பம்ப் தள்ளும் வேகத்துக்கு டிராப்பும் பைப்பும் ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான். டிராப்பைக் கழுவுங்கள். அப்படியும் எழும்பினால் சுவருக்குள் போகும் பைப்பில் அடைப்பு, பிளம்பரின் ஸ்பிரிங் கம்பிதான் வழி.

## அறிகுறி: தண்ணீர் நிரம்பிக்கொண்டே இருக்கிறது, கழுவத் தொடங்கவே இல்லை

நிரம்பும் சத்தம் கேட்கும்போதே டிரெயின் பக்கம் காதை வையுங்கள். அங்கேயும் தண்ணீர் ஓடும் சத்தம் வந்தால் ஹோஸ் தானாகவே தண்ணீரை உறிஞ்சி வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறது. ஹோஸின் முனை மெஷினின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டால் இது நடக்கும்.

நம் ஊரில் இதற்கு முக்கியக் காரணம், சர்வீஸ் ஏரியாவில் வாஷிங் மெஷினோடு டிஷ்வாஷரையும் வைத்து, ஹோஸைத் தரையில் தண்ணீர் வடியும் சல்லடைக் குழிக்குள் (நஹானி டிராப்) போட்டுவிடுவது. போட வசதியாக இருக்கும். ஆனால் தண்ணீரை உறிஞ்சும், கழிவு திரும்பும், கரப்பான்பூச்சியும் ஏறும், மூன்றும் ஒரே இடத்தில். சுவரோரம் நின்ற நிலையில் 40 மி.மீ. பைப் ஒன்று வைத்து, அதன் வாயில் ஹோஸைத் தொங்கவிட்டால் தீர்ந்தது. ஹோஸுக்கும் பைப்புக்கும் நடுவே காற்று போக இடைவெளி வேண்டும். டேப் சுற்றி அடைத்துவிட்டால் மறுபடி உறிஞ்சத் தொடங்கும். ஹோஸை ஒரு சாண் அளவுக்கு மேல் உள்ளே திணிக்கவும் வேண்டாம்.

டிரெயின் பக்கம் சத்தம் இல்லை, நிரம்புவதே மெதுவாக இருக்கிறது என்றால் அது வேறு கதை. மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழ் வீட்டில் அழுத்தம் போதாது. உள்வரும் ஹோஸின் வாயில் உள்ள சிறு சல்லடையில் போர்வெல் தண்ணீரின் மணலும் அடைந்திருக்கலாம். அதைக் கழற்றிக் கழுவுங்கள்.

## அறிகுறி: கதவின் கீழே, முன்பக்கம் ஒழுகுகிறது

நுரையா? கதவைத் திறந்தால் நுரை தெரிகிறதா பாருங்கள். பொடி தீர்ந்துபோன அன்று கையால் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டிருந்தால் போதும், கதவு வழியே நுரை வெளியே வரும். ரின்ஸ் எய்ட் (கடைசி அலசலில் சேரும் திரவம்) நிரப்பும்போது சிந்தியிருந்தாலும் இதேதான். நுரையை ஸ்பாஞ்சால் அள்ளி, பாத்திரம் இல்லாமல் குளிர்ந்த அலசலை நுரை அடங்கும்வரை ஓட்டுங்கள்.

பாத்திரம் வைத்த விதம். பெரிய கடாயோ இட்லித் தட்டோ சாய்ந்து நின்று, கீழிருந்து பீய்ச்சும் தண்ணீரைக் கதவின் அடி விளிம்புக்குத் திருப்பிவிடும். குறிப்பிட்ட பாத்திரம் வைக்கும் நாளில் மட்டும் ஒழுகினால் இதுதான். தண்ணீர் பீய்ச்சிச் சுற்றும் ஸ்ப்ரே கை தடையில்லாமல் சுற்றுகிறதா, அதில் விரிசல் உண்டா என்றும் பாருங்கள். ஓரத்தில் விரிசல் விட்டால் தண்ணீர் கதவை நோக்கியே அடிக்கும்.

மட்டம். மெஷின் முன்னால் சாய்ந்திருந்தால் தண்ணீர் கதவோரம் சேரும். ரச மட்டம் வைத்து முன்கால்களைத் திருகிச் சரிசெய்யுங்கள். சமையலறைத் தரை தண்ணீர் ஓட வாட்டமாக இருக்கும், சர்வீஸ் ஏரியாவில் இன்னும் அதிகம். அதனால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ரப்பர். மேலும் பக்கங்களிலும் ஒரு சீல், கதவின் கீழ் விளிம்பில் தனியாக இன்னொன்று. கீழே உள்ளதை யாரும் துடைப்பதில்லை. சோற்றுப் பருக்கை, முடி, உப்புத் தண்ணீரின் வெள்ளைப் படிவு எல்லாம் அங்கேதான். ஈரத் துணியால் துடையுங்கள். வெள்ளைப் படிவுக்கு வினிகர் தொட்ட துணி. ரப்பர் கடினமாகியோ கிழிந்தோ இருந்தால் அதே மாடலுக்கான சீலை வாங்குங்கள். சிலிகான் பசை பூசினால் ஒரு வாரம்கூட நிற்காது.

கழுவி முடிந்ததும் மேடையின் அடியில் சில துளிகள் மட்டும் தெரிந்தால் அது நீராவி. ஒழுகல் அல்ல.

## அறிகுறி: பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ தரை நனைகிறது

மெஷினுக்கு அடியிலும் ஓரங்களிலும் செய்தித்தாளைச் செருகிவிட்டு ஒரு குறுகிய புரோகிராமை ஓட்டுங்கள். எந்தப் பக்கம், எந்த நேரத்தில் முதலில் நனைகிறது என்று பாருங்கள்.

நிரம்பும்போதே, அல்லது மெஷின் நின்றிருக்கும்போதும், தெளிந்த தண்ணீர் வந்தால் உள்வரும் இணைப்பு. முக்கால் இன்ச் திருகுக்குள் உள்ள ரப்பர் வாஷரை மாற்றுங்கள். அங்கே நீரைத் தடுப்பது வாஷர்தான். டெஃப்லான் டேப்பை மலைபோலச் சுற்றி இடுக்கியால் இறுக்கினால் பிளாஸ்டிக் நட்டு வெடிக்கும். குழாய் முனையில் பெட்டி போலத் தடிமனான பாகம் இருந்தால் அதற்குள் மின்வால்வு உண்டு. அந்த ஹோஸை வெட்டவோ நீட்டவோ கூடாது.

வெளியேற்றும்போது மட்டும் வந்தால் டிரெயின் ஹோஸ். டிராப்பில் உள்ள கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். இல்லையென்றால் எலி. சர்வீஸ் ஏரியாவில் இருக்கும் ஹோஸை எலி கடிப்பது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். உணவு வாசனை அதற்குள்ளேயே இருக்கிறதே. கையால் தடவிப் பாருங்கள், பல் தடம் தெரியும். டேப் சுற்றாதீர்கள், வெந்நீர் போகும் ஹோஸில் அது பிடிக்காது. ஹோஸை மாற்றிவிட்டு, எலி வரும் ஓட்டையைக் கம்பி வலையால் அடையுங்கள். எலி தடம் கண்டால் மின்வயரையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் மெஷினை ஓட்ட வேண்டும்.

கழுவும்போது, கதவோரம் உலர்ந்திருக்க, நடு அடியிலிருந்து பிசுக்குத் தண்ணீர் வந்தால் உள்ளே உள்ள பெரிய பம்பின் சீலோ அடிக்குழியின் இணைப்போ போயிருக்கிறது. இதற்குத்தான் செலவு அதிகம். நீங்கள் திறக்க வேண்டாம்.

## அறிகுறி: பம்ப் நிற்காமல் ஓடுகிறது, வேறெதுவும் நடக்கவில்லை

மெஷினின் அடித்தட்டில் ஒரு மிதவை இருக்கும். அங்கே தண்ணீர் சேர்ந்தால் மிதவை எழும்பி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெளியேற்றும் பம்பை மட்டும் ஓட்டும். இ15, ஏஇ வருவது இப்போதுதான். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, இரண்டு பேராக மெஷினைப் பின்னால் மெல்லச் சாய்த்தால் தண்ணீர் வடியும். இணையத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் இதுதான், மெஷினும் ஓடத் தொடங்கும். ஆனால் ஒழுகல் அப்படியேதான் இருக்கிறது. அன்றைக்கு நுரை பொங்கியிருந்தால் மறுபடி வராமல் போகலாம். அடுத்த ஓரிரு கழுவலுக்குள் மறுபடி வந்தால் உண்மையான கசிவு. திரும்பத் திரும்பச் சாய்த்து ஓட்டினால் ஒரு நாள் மின்பாகம் நனையும். மேடைக்குள் பொருத்திய மெஷினைச் சாய்க்கவே முயல வேண்டாம்.

## எப்போது நிறுத்தி ஆளைக் கூப்பிடுவது

எம்சிபியோ, மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியோ இறங்கினால், மெஷின் உடலில் லேசாக ஷாக் அடித்தால், கருகல் வாசனை வந்தால் அதற்கு மேல் ஒரு சோதனையும் வேண்டாம். வாரண்டி காலத்தில் பக்கத் தகட்டைக் கழற்றாதீர்கள். பொது லைனுக்கும் சுவர் பைப்புக்கும் பிளம்பர், பம்புக்கும் வால்வுக்கும் அடித்தட்டுக்கும் கம்பெனி சர்வீஸ். இருவரையும் மாற்றிக் கூப்பிட்டால் இரண்டு கூலி போகும்.

போனில் "ஒழுகுகிறது" என்று மட்டும் சொல்லாமல், வாளிச் சோதனையில் என்ன வந்தது, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நனைந்தது, திரையில் என்ன குறியீடு என்று சொல்லுங்கள். சரியான பாகத்தோடு வருவார். வேலை முடிந்ததும், கீழ்ப் பலகையைப் பொருத்துவதற்கு முன்பே, அவர் கண்முன் செய்தித்தாள் விரித்து ஒருமுறை நிரப்பி, ஒருமுறை வெளியேற்றச் சொல்லுங்கள். தாள் உலர்ந்திருந்தால் பணம் கொடுங்கள்.